சொல்ற தேதி, போற தேதி

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். பனியன் கம்பெனியில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். எந்த வேலை எதுவரை வந்திருக்கிறது என்பதை இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் திரையே காட்டிவிடுகிறதாம். நேரத்துக்கு நடந்தால் பச்சை, தள்ளிப்போனால் சிவப்பு.

"மேடம், எங்க மாஸ்டர் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க. திரையில ஒரே செவப்பா இருக்குதுங்க. கேட்டா யோசிச்சுட்டு இருக்கறேங்கறாரு. உங்க காலத்துல இதுக்கெல்லாம் என்னங்க பண்ணுனீங்க?"

ஓய்வு பெற்று இவ்வளவு காலமாகியும், அதைக் கேட்டதும் இன்றைக்கு என்ன கிழமை என்று காலண்டரைப் பார்த்தேன். "பயந்தோம் கண்ணு, வேறென்ன பண்ணுனோம்" என்றேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போனில் அதை விளக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. சாமளாபுரத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள். பஸ் வருவதற்கு வெகு முன்னாலேயே நிறுத்தத்தில் போய் நிற்கும் ஜாதி. பரீட்சைக்கு முதல் ஆளாகப் போய், முதல் ஆளாக எழுதி, வெளியே வந்து எதை விட்டோம் என்று அழுவேன். டைப்பிஸ்டாகத்தான் திருப்பூருக்கு வேலைக்கு வந்தேன். கடிதம் அடித்து அடித்து வெளிநாட்டுக் கடிதங்களின் தோரணை பிடிபட்டது. அப்படியே மெர்ச்சண்டைசர் ஆனேன். பேர்தான் பெரிய பேர். துணி கேட்கும் வெளிநாட்டுப் பையருக்கும் துணி தைக்கும் நம் ஆட்களுக்கும் நடுவே நின்று, இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கும் வேலை. கற்றுக்கொண்டதெல்லாம் இப்படி ஏச்சு வாங்கித்தான்.

அந்த வேலையில் சேர்ந்ததும் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், ஒரு தேதியை இரண்டாக்குவது. பையர் ஒரு சாம்பிள் திங்கட்கிழமை வேண்டும் என்று கேட்டால், நான் உள்ளே போய் வெள்ளிக்கிழமை வேண்டும் என்று சொல்ல வேண்டும். வெள்ளி என்பது சொல்ற தேதி. திங்கள் என்பது போற தேதி. நான் வெள்ளி என்று சொன்னதைக் கேட்டு, துணி வாங்கப் போகும் எங்கள் ஆள் துணி பின்னும் நிட்டிங்காரருக்கு வியாழன் என்பார். நிட்டிங்காரர் சாயப்பட்டறைக்குப் புதன் என்பார். ஒருத்தரும் இதைப் பொய் என்று நினைத்ததில்லை. குழம்பில் உப்புப் போடுகிற மாதிரி ஒரு வழக்கம், அவ்வளவுதான். கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். சொல்ற தேதியைக் காதில் வாங்கிக்கொண்டு போற தேதியை மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

இந்தக் கணக்கில் புலி எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் தேவசகாயம். உடுப்பின் ஒவ்வொரு பாகத்தையும் அட்டையில் வரைந்து வெட்டித் தருகிறவர்தான் பேட்டர்ன் மாஸ்டர். அவர் அட்டை தராமல் துணி வெட்ட முடியாது. துணி வெட்டாமல் தையல் இல்லை. தைக்காமல் சாம்பிள் இல்லை. சாம்பிள் போகாமல் ஆர்டர் இல்லை. மொத்தக் கம்பெனியும் அவருடைய மேசைக்கு முன்னால் வந்து நிற்கும். அவரோ எதையும் தொடாமல் இருப்பார்.

தெற்கத்திக்காரர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் பிழைக்க வந்து, பனியன் கம்பெனிகளிலேயே தலை நரைத்தவர். வேலையைக் கொடுத்தால் தலையை ஆட்டி வாங்கி வைத்துக்கொள்வார். அதற்கப்புறம் நடப்பதை நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் இரும்பு ஸ்கேலைத் துடைப்பார். துடைத்த ஸ்கேலையே மறுபடி துடைப்பார். அடுத்து கத்திரியைக் கல்லில் தீட்டுவார். அதற்கும் அடுத்து, கொக்கிகளில் தொங்கும் பழைய அட்டைகளை எல்லாம் கழற்றித் தூசி தட்டி, கழற்றிய வரிசை மாறாமல் திரும்ப மாட்டுவார். கடைசியாகத்தான் பனியன் வேஸ்ட் மூட்டையிலிருந்து துண்டுத் துணிகளை எடுத்து, சின்னச் சின்னதாக எதையாவது வெட்ட ஆரம்பிப்பார். அந்தக் கட்டம் வந்துவிட்டால் எனக்கு மூச்சு வரும். இனி அட்டை வந்துவிடும் என்று அர்த்தம். நடுவில் யார் போய்க் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"பாத்துக்கிடலாம் மேடம். நீங்க என்னத்துக்குக் கிடந்து அடிச்சிக்கிடுதிய?"

நான் அடித்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் ஒரு தடவை நடந்த காரியம் என் வாயை அடைத்துவிட்டது. மெல்லிய பனியன் துணி ஒன்று. துவைத்தால் முறுக்கிக்கொள்ளும். இடுப்பில் இருக்க வேண்டிய பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் நகர்ந்துவரும். சாம்பிள் அனுப்ப அனுப்பத் திருப்பி அனுப்பினார்கள். நிட்டிங்காரர் சாயக்காரரைக் குற்றம் சொன்னார், சாயக்காரர் நிட்டிங்காரரைச் சொன்னார். மாஸ்டர் ஸ்கேலைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூரியர் வண்டி வரப்போகும் நாளில், பக்கத் தையலை ஆரம்பத்திலேயே கோணலாக வைத்து அட்டை வெட்டினார். அதன்மேல் வேறு நிற நூலில் ஒரு தையல் ஓடவிடச் சொன்னார்.

"அது எப்பிடியும் கோணத்தான் போவுது. நாமளே கோணலா வச்சிட்டா யாரு குத்தம் சொல்லுவா?" என்றார்.

பையருக்கு அந்தக் கோணல் தையல் பிடித்துப்போய், எல்லா நிறத்திலும் கேட்டான். அன்றைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த மனிதர் சோம்பேறி இல்லை, உள்ளுக்குள் சமைத்துக்கொண்டிருக்கிறார் என்று. அதற்குப் பிறகு யார் அவரைக் குறை சொன்னாலும் நான் வக்காலத்து வாங்குவேன். ஊறப்போட்டால்தான் உளுந்து அரைபடும் என்கிற மாதிரி ஏதாவது பேசுவேன். எனக்கும் அந்தத் தத்துவம் தேவையாக இருந்தது. இல்லையென்றால் அந்த மேசைக்கு எதிரில் நின்று தினம் செத்துப் பிழைக்க முடியாது.

அந்தத் தத்துவத்தை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் முருகாத்தாள். சாம்பிள் தைக்கிறவள். அட்டை வரும்வரை ஓவர்லாக் தையல் மிஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பாள். வந்ததும் தலைதெறிக்கத் தைக்க வேண்டும். "அவரு யோசிக்கறாருங்க, சேரி. நோவறது என்ற இடுப்புங்க" என்பாள். நான் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

ஜெனரல் மேனேஜராகக் குமரவேல் சார் வந்தது இந்தச் சமயத்தில்தான். மடத்துக்குளம் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். அப்படியொரு மரியாதைக்காரரை நான் பார்த்ததில்லை. அந்த மரியாதைதான் பயமே. அவருக்குக் கோபம் ஏற ஏற 'ங்க' கூடும். சத்தம் குறையும். ஒரு ஆளை அவருக்குப் பிடித்திருந்தால், மேசைக்கு எதிரில் நிற்கவைத்துப் பேசுவார். பிடிக்காமல் போய்விட்டால் உட்காரச் சொல்லி, காபி வரவழைப்பார். அதுவும் பேப்பர் கப்பில் இல்லை, பீங்கான் கோப்பையில், சாசரோடு. சார் ரூமுக்குள் பீங்கான் கோப்பை போகிறது என்றால் ஒரு சீட்டுக் கிழிகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கேண்டீன் அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, வழியில் இருக்கிற எல்லோரும் அது யாருக்கு என்று எண்ணிப் பார்ப்பார்கள்.

வந்த சூட்டிலேயே அவர் இரண்டு தேதி வழக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரே சாம்பிளுக்கு ஆளாளுக்கு ஒரு தேதி சொன்னதைக் கேட்டுவிட்டு, எல்லோரையும் கூப்பிட்டார்.

"ஏனுங்க, நாம எல்லாரும் ஒரே கம்பெனிதானுங்களே? அப்பறம் எதுக்குங்க ஆளுக்கொரு காலண்டரு? இனிமே ஒரே தேதிங்க. போற தேதி மட்டும் போர்டுல எழுதுங்க. அதுக்குள்ள முடியலீன்னா எங்கிட்ட வந்து சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டனுங்க."

கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று அவர் சொன்ன விதத்தில் ஒருவரும் போய்ச் சொல்லவே இல்லை. சாம்பிள் செக்‌ஷன் சுவரில் வெள்ளைப் போர்டு வந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், வேலை நன்றாக நடந்தது. சாதாரண டி-சர்ட், பைஜாமா எல்லாம் போர்டில் எழுதிய நாளில் கிளம்பின. முருகாத்தாளுக்குக் காலையிலேயே வேலை கிடைத்தது. நான் வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் தூங்கினேன். மாஸ்டர் மட்டும் போர்டைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார். காரணம் கேட்டேன். அவர் ஜி.எம்.மிடம் லீவு சொல்லப் போனபோது பார்த்தாராம்: போர்டு தேதிக்கு அவசரமாக முடித்துக் கொடுத்த சாம்பிள் கவர், அந்த நாள் கழிந்த பிறகும் ஜி.எம். ரூம் அலமாரியிலேயே கிடந்ததாம்.

"ஜி.எம்.மும் நம்ம ஆளுதான் மேடம். அவரும் ரெண்டு நாள் ஒளிச்சு வைக்காரு" என்றார்.

எந்த நாட்டுக்கு எவ்வளவு உடுப்பு அனுப்பலாம் என்று அளவு வைத்திருந்த கோட்டா முறை போன பிறகு பையர்களின் பேச்சு மாறியிருந்தது. முன்பெல்லாம் அவர்கள் தரும் உடுப்பை அப்படியே தைத்துக் கொடுத்தால் போதும். இப்போது, உங்களிடம் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்படிக் கேட்டு எழுதியவர்களில் இங்க்ரிட் என்ற அம்மாள் ஒருத்தி. அவள் நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குக் குழந்தை உடுப்பு வாங்கித் தருகிறவள். மாதம் நிறையாமல் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கும் குழந்தைகளுக்கு ஒரு சட்டை வேண்டும். குழந்தையைத் தூக்கக் கூடாது. கையை மடக்கி நுழைக்கக் கூடாது. ட்யூப், வயர் எதையும் கழற்றக் கூடாது. தையல் எதுவும் உடம்பில் அழுந்தக் கூடாது. நீங்கள் எப்படிச் செய்வீர்கள் என்று பார்க்க வெள்ளிக்கிழமை நேரில் வருகிறேன் என்று எழுதியிருந்தாள்.

அந்த மெயில் வந்தது ஒரு திங்கட்கிழமை. அன்றே குமரவேல் சார் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். பின்னாலேயே கேண்டீன் அக்கா பீங்கான் கோப்பையோடு வந்தாள். என் சீட்டுத்தான் என்று நினைத்தேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்குளுக்கில்லீங்க மேடம், பயந்துக்காதீங்க" என்றார். "நம்ம மாஸ்டரப் பத்திப் பேசோணுமுங்க. கம்ப்யூட்டர்ல பேட்டர்ன் போடற மிஷின் வருதுங்க. அதுக்குப் படிச்ச ஆளும் வருதுங்க. மாஸ்டரு தங்கமான மனுசனுங்க. ஆனா தேதின்னு ஒண்ணு இருக்குதுங்கல்ல? இந்த வெள்ளிக்கெழம அவரு கையில புதுசா ஒண்ணு இருந்துச்சுன்னா பாக்கலாமுங்க. இல்லீன்னா இந்த மாசத்தோட அனுப்பிச்சரலாமுங்க."

அக்கா சாசரைச் சரிசெய்து வைத்துவிட்டு, மெதுவாகத்தான் வெளியே போனாள்.

"இத அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. பயந்துட்டாருன்னா கை ஓடாதுங்க. காப்பி ஆறுதுங்க, குடிங்க."

அவர் சொன்னது தப்பில்லை. முன்பு ஒருமுறை அவரே மாஸ்டர் முதுகுக்குப் பின்னால் அரைநாள் நின்று பார்த்தார். மாஸ்டர் உடனே வேலையை ஆரம்பித்து உடனே முடித்தார். வந்தது என்னவென்றால், அந்தப் பையருக்குப் போன வருஷம் செய்துகொடுத்த அதே சட்டை. அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய, எதையும் கடைசியில் செய்கிற மாஸ்டரை வேறு எந்தக் கம்பெனி எடுக்கும்? அவர் மகன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு நான் சாம்பிள் செக்‌ஷனுக்குத் திரும்பினேன்.

மெயிலை அவருக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். "பிள்ளை எம்புட்டுப் பெருசு?" என்று கேட்டார். என் கையை விரித்துக் காட்டினேன். அவர் தன் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். போர்டில் வெள்ளிக்கிழமை என்று எழுதினேன். அவர் ஸ்கேலை எடுத்துத் துடைத்தார்.

செவ்வாயும் ஸ்கேல்தான். புதன்கிழமை கத்திரி. சாப்பாட்டுக்குப் பிறகும் கத்திரி. என்னால் பொறுக்க முடியவில்லை.

"மாஸ்டர், வெள்ளிக்கிழமைங்க."

"மண்டே தான மேடம்?"

"இல்லீங்க. நெசமாலுமே வெள்ளிக்கிழமைங்க. அந்தம்மா நேர்ல வருது."

"இதத்தான் போன தடவையும் சொன்னிய. அதுக்கு முந்தின தடவையும் சொன்னிய" என்று சிரித்தார். "வெள்ளின்னா மண்டே. எனக்குத் தெரியாதா?"

நான் எப்படி நம்பவைப்பேன்? எத்தனையோ வருஷமாக நானே பழக்கிய காது அது. என் சத்தியத்துக்கும் என் சமாளிப்புக்கும் அவருக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. நம்பவைக்க ஒரே வழிதான் இருந்தது, பீங்கான் கோப்பையைப் பற்றிச் சொல்வது. சொன்னால் அந்தக் கை மரத்துப்போகும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை அவர் கொக்கியில் அட்டை மாட்டிக்கொண்டிருப்பார். அவர் மேசைக்கும் என் மேசைக்குமாக நடந்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி நடந்தேன். "ஏனுங்க மேடம், உங்குளுக்கு மேலுக்கு முடியலீங்களா?" என்று முருகாத்தாள் கேட்டாள்.

வியாழக்கிழமை காலையில் அவர் அட்டைகளைக் கழற்றித் தூசி தட்டிக்கொண்டிருந்தார். நான் அதுவரை செய்யாத ஒரு காரியத்தைச் செய்தேன். வராந்தாவில் போய் நின்று, யாரிடமும் கேட்காமல் அந்த இங்க்ரிட் அம்மாளுக்குப் போன் போட்டேன். சென்னையில் ஏதோ ஓட்டலில் இருந்தாள். என் ஆங்கிலம் அன்று கால் உடைந்த கோழி மாதிரிதான் நடந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பதிலாகத் திங்கட்கிழமை வர முடியுமா, எங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். தான் திருப்பூருக்கு வருவதே திங்கட்கிழமை மதியம்தான் என்றாள். டிக்கெட் அப்படித்தான் போட்டிருக்கிறதாம். எல்லோருக்கும் வெள்ளி என்று சொல்லி வைப்பது வழக்கமாம். இந்தப் பக்கம் வரும்போது அப்படிச் செய்ய வேண்டும் என்று, அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவள் சொல்லிக் கொடுத்தாளாம். மன்னிப்பு வேறு கேட்டாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கடல் தாண்டி இருக்கிறவளும் நம்ம ஆள்தான். திங்கட்கிழமை வருவதாக ஜி.எம்.முக்கு இப்போதே ஒரு மெயில் போடுங்கள் என்று கெஞ்சினேன். போட்டாள். குமரவேல் சார் அதைப் படித்துவிட்டு, "அப்புடீங்களா, நல்லதுங்க" என்றார். "ஆனா நான் சொன்னதுல மாத்தமில்லீங்க. வெள்ளிக்குப் பதுலா திங்களுங்க. அவ்வளவுதானுங்க."

நேரே மாஸ்டரிடம் போனேன். "மண்டேதானுங்க மாஸ்டர்" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையில் இருந்த அட்டையை மேசைமேல் வைத்தார். "நெசமாவா?" என்றார். ஆமாம் என்றேன். "சத்தியமா மண்டேயா மேடம்?" என்று மறுபடியும் கேட்டார். நேற்று மண்டே மண்டே என்று சொன்னவர், இப்போது எதற்குச் சத்தியம் கேட்கிறார் என்று ஒரு கணம் தோன்றியது. அதைப் பற்றி யோசிக்க எனக்கு நேரமில்லை. அவர் வேஸ்ட் மூட்டையை அவிழ்த்துவிட்டார். எனக்கு அது போதும்.

முதலில் ஒரு பொம்மை செய்தார். துண்டுத் துணியைச் சுருட்டி, இழுத்தால் விரியும் ரிப் துணியில் திணித்து, தலை, கை, கால் வைத்து, என் கை நீளத்துக்கு ஒரு பிள்ளை. மூக்கில் ஒரு நூல், மார்பில் ஒரு நூல் கட்டி ட்யூப் என்றார். அந்தப் பொம்மையை மேசையில் வைத்ததிலிருந்து சாம்பிள் செக்‌ஷனில் பேச்சுச் சத்தம் குறைந்துவிட்டது. எடுக்கிற பெண்கள் எல்லாம் அதன் கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்துத்தான் எடுத்தார்கள். ஒருத்தியும் காலைப் பிடித்துத் தூக்கவில்லை.

சட்டைதான் வரவில்லை. வெள்ளியும் சனியும் வெட்டியதெல்லாம் வீணாகப் போயிற்று. முன்பக்கம் திறந்து வைத்தால் கையை மடக்க வேண்டியிருந்தது. கையை அகலமாக்கினால் துணி முகத்தில் விழுந்தது. முருகாத்தாள் தைக்கத் தைக்க அவர் பிரிக்கச் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லாமல், சொல்லிக்கொள்ளாமலே பஸ் ஏறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு நேராகக் கம்பெனிக்கு வந்தார். நானும் வீட்டில் ஏதோ காரணம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். வெள்ளைச் சட்டை வேட்டியோடு மேசைக்கு முன்னால் நின்று, வெட்டிய துணியை மேசையில் விரித்துப் போட்டார். பொம்மையை எடுத்தார். அதற்கு மாட்டப்போகிறார் என்று நினைத்தேன். துணியின்மேல் அதைப் படுக்கவைத்தார்.

"மேடம், நாம தப்பாப் பாத்துட்டோம்" என்றார். "பிள்ளைக்கு உடுப்பப் போடக் கூடாது. உடுப்பு மேல பிள்ளையப் போடணும்."

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை கையின் மேல்பக்கத்தை முழுக்கத் திறந்துவிட்டார். முதுகில் தையலே இல்லை. விரித்தால் ஒரே துண்டாகத் தட்டையாகக் கிடக்கும். அதன்மேல் பிள்ளையைப் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் மடித்து, மேலே பிளாஸ்டிக் பிரஸ் பட்டனை அழுத்தினால் சட்டை. வயருக்கு இரண்டு பட்டனுக்கு நடுவே வழி. தையல் விளிம்பு முழுவதும் வெளிப்பக்கம். பக்கத்துத் தெருவில் இருந்த முருகாத்தாளைப் போய்க் கூட்டிவந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் விட மாட்டீங்களா என்று திட்டிக்கொண்டே வந்தவள், பொம்மைக்கு அந்தச் சட்டையை மடித்துப் பார்த்ததும் திட்டை நிறுத்தி, நூல் கோத்தாள்.

திங்கட்கிழமை மதியம் இங்க்ரிட் வந்தாள். பொம்மையைத் துணியில் படுக்கவைத்தாள், மடித்தாள், பட்டனை அழுத்தினாள். எல்லாவற்றையும் பிரித்தாள். மறுபடியும் செய்தாள். மூன்றாவது தடவை ஒரு கையால் மட்டும் செய்து பார்த்தாள். அப்புறம்தான் குமரவேல் சாரைப் பார்த்து, இதை எத்தனை அளவில் தர முடியும் என்று கேட்டாள். அவள் போன பிறகு சார் என்னிடம், "மிஷின் வரட்டுமுங்க. மாஸ்டரும் பக்கத்துலயே இருக்கட்டுமுங்க" என்றார். நின்றுகொண்டே சொன்னார், காபி வரவழைக்கவில்லை.

ஓட்டமும் நடையுமாகச் சாம்பிள் செக்‌ஷனுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். மாஸ்டர் தலையை ஆட்டினார். அதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு அரைமணி பெர்மிஷன் வேணும் மேடம். வீட்டுக்காரரப் பாத்து ஒரு வார்த்த சொல்லணும். காலி பண்ணலன்னு."

"எந்த வீட்டைங்க?"

"நான் குடியிருக்க வீட்டத்தான். இந்த மாசத்தோட காலி பண்ணுதேன்னு புதன்கிழமையே சொல்லிட்டேன். பாத்திரத்தக்கூட மூட்டை கட்டியாச்சு. பயலுக்கு டி.சி.யும் கேட்டாச்சு. ஊருக்கே போயிருவோம்னு."

யார் சொன்னது என்று கேட்டேன். கேண்டீன் அக்காதான். சாசரைச் சரிசெய்கிற சாக்கில் கேட்டதை, போகிற வழியிலேயே அவரிடம் சொல்லிவிட்டிருக்கிறாள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவர் ஸ்கேலைத் துடைத்திருக்கிறார்.

"அப்பறம் எதுக்குங்க மண்டே மண்டேன்னு சிரிச்சீங்க?"

"வேற என்னத்தச் சொல்ல? நீங்க வேற நடந்துக்கிட்டே கிடந்திய. என் மண்டைல ஒண்ணுமே இல்ல மேடம்."

"நீங்க யோசிச்சுட்டு இருக்கறீங்கன்னு நெனச்சனுங்க."

"யோசிச்சா? நல்லாச் சொன்னிய" என்றார். "ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவ நமக்கு வராதுன்னுதான் தோணும். அட்டையத் தொட்டா வராதுங்கது தெரிஞ்சிரும்லா? அதான் தொடாம இருக்கது. கத்திரியத் தீட்டிக்கிட்டு இருந்தா, இன்னும் தெரியலன்னு இருக்கலாம்."

அந்தக் கோணல் தையலுக்கும் அப்படித்தானா என்று கேட்டேன். அதுக்கு ரெண்டு நாள் சோறே இறங்கல என்றார்.

இத்தனை வருஷம் நான் அவருடைய நிதானம் என்று கும்பிட்டதும், என்னுடைய பதற்றம் என்று வெட்கப்பட்டதும் ஒரே சாமான். எனக்கு அது காலில் இறங்கியது, ஓடினேன். அவருக்குக் கையில் இறங்கியது, நின்றார். சில தடவை அந்த நிற்கிற நேரத்தில் அவருக்கு நல்லதாக ஒன்று வந்து சேர்ந்தது. வராமலும் போயிருக்கலாம். வந்ததற்குக் காரணம் கத்திரி தீட்டியது இல்லை. திங்கட்கிழமை நிஜம் என்று தெரிந்த பிறகு கிடைத்த அந்த மூன்று நாள்தான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். எந்த வேலையையும் கடைசி வரை தள்ளிப்போட்ட அந்த மனிதர், வீட்டைக் காலி செய்கிறேன் என்று சொல்வதை மட்டும் முன்கூட்டியே செய்து முடித்திருந்தார்.

கேட் வரை போனவர் திரும்பி வந்தார். "மேடம், நீங்களும் கூட வாரியளா? வீட்ட வேற ஆளுக்குப் பேசியிருப்பாரோன்னு இருக்கு. தனியாப் போய்க் கேக்கப் பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்காரர் லுங்கியோடு வாசலில் ஸ்கூட்டர் கழுவிக்கொண்டிருந்தார். மாஸ்டர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார், நான்தான் கேட்டேன்.

"அட, வாடகைக்குன்னு ஒரு அட்டை எழுதி மாட்டோணும், புரோக்கர்கிட்டச் சொல்லோணும்னு நெனச்சுட்டேதான் இருக்கறனுங்க" என்றார் அவர், தலையைச் சொறிந்துகொண்டே. "எங்கீங்க, நாளைக்குப் பாக்கலாம் நாளைக்குப் பாக்கலாம்னு அப்புடியே போயிருச்சுங்க. இன்னும் ஒருத்தருகிட்டயும் சொல்லலீங்க."

மாஸ்டர் அந்த ஈர வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.